பால் கணக்குக் காலண்டர்

மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நோயாளி மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் யாரோ எழுதியது. எதிர்தரப்பின் வாதம் முழுவதும் பிற்பாடு அந்த இரண்டு சொற்களின் மேல்தான் கட்டப்பட்டது. கேள்விக்குறியை மட்டும் அவர்கள் படிக்கவேயில்லை.

என் கட்சிக்காரருக்கு அப்போது 26 வயது. கொங்கு நாட்டு விசைத்தறி ஊர் ஒன்றில், தறிக்கூடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, அவருடைய அம்மா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்திருந்தார். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் தாயை நெருங்கிய உறவினராக ஏற்கிறது. அதனால் அந்த அனுமதியில் சிக்கல் எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. கிரியாட்டினின் 1.1-ல் நிலைத்திருந்தது. பையனுக்குப் பெண் பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு தொடங்கியிருந்த நேரம்.

தீபாவளிக்குப் பிறகு வந்த மறுபரிசோதனையில் கிரியாட்டினின் 3.2. திசுவை எடுத்துப் பார்த்ததில் உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது. மூன்று நாள் தொடர்ந்து ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். சிறுநீரகம் பிழைத்தது. ஆனால் பழைய எண் திரும்பி வரவில்லை. 1.7-ல் நின்றுவிட்டது. சிறுநீரகம் போன பிறகு வழக்கு போட வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி போன சிறுநீரகத்தோடு, மீதியாவது எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியாத நிலையில் ஒருவர் வந்து உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

அவர் இழப்பீடு கேட்டு வரவில்லை. "மேடம், கேஸெல்லாம் வேண்டாங்க. இந்த வரியை மட்டும் எடுத்துட்டு வேற பேப்பர் தரச் சொல்லுங்க, போதும்" என்றார். ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. இந்தச் சிறுநீரகம் கைவிட்டால் மறுபடியும் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பதிய வேண்டும். அப்போது மருத்துவர்கள் முதலில் பார்ப்பது, முந்தைய சிறுநீரகத்தை இந்த ஆள் எப்படிக் காப்பாற்றினார் என்பதைத்தான். மருந்தை விட்டவர் என்று ஏட்டில் ஏறிவிட்டால், கிடைப்பதே அரிதான இன்னொரு சிறுநீரகத்தை அவரை நம்பிக் கொடுக்க எவரும் தயங்குவார்கள்.

கூட வந்திருந்த அம்மா அதுவரை பேசாமல் இருந்தார். தறிக்குத் தார் சுற்றும் வேலை பார்க்கிறவர். மகன் பேசி முடித்ததும் சொன்னார்: "அம்மிணி, நானே கையில எடுத்துக் குடுத்து, அவன் முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நிப்பனுங்க. என்ற கிட்னியுங்க அது. ஒரு வேள மருந்த உடுறதுக்கு நான் உடுவனா?"

அந்தப் பேச்சில் நான் வழக்கை எடுத்துக்கொண்டேன். ஆனால் நீதிமன்றத்தில் அந்தப் பேச்சு மட்டும் போதாது.

என்ன நடந்தது என்பது மகன் வீடு திரும்பும் நாளில், மருத்துவமனையின் சொந்த மருந்தகத்தில்தான் வெளிப்பட்டிருக்கிறது. பழைய மாத்திரை மீதம் இருக்கிறதே, அதையே தொடரலாமா என்று அம்மா அட்டையை நீட்டியிருக்கிறார். அங்கிருந்த மருந்தாளுநர் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காலையும் ராத்திரியும் போடுறதாச்சே, உங்க சீட்டுல ஒருவேளை மாத்திரைதானே எழுதியிருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அதுவரை யாரும் அந்த அட்டையைப் பார்க்கவில்லை. மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள், எந்த மருந்தைச் சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை.

மருந்தின் பெயர் டாக்ரோலிமஸ். இந்த வழக்குக்காகத்தான் அதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். படித்ததில் கொஞ்சத்தை இங்கே சொல்லாமல் வழக்கு விளங்காது.

நம் உடம்புக்குள் வரும் அந்நியத்தை அடையாளம் கண்டு தாக்குவது டி செல்களின் வேலை. தாயின் சிறுநீரகமே ஆனாலும் அவற்றுக்கு அது அந்நியம்தான். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே உருவ இரட்டையர்களுக்கு இடையே நடந்தது. அங்கே உடம்புக்கு வேற்றுமையே தெரியவில்லை. மற்றவர்களுக்கு மருந்து வேண்டியிருந்தது. 1960களில் அசாதையோபிரின் வந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-ல் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தபோது மருத்துவர்கள் கையில் இருந்தவை அதுவும் ஸ்டீராய்டும்தான். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரினுக்கு 1983-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து டாக்ரோலிமஸைக் கண்டெடுத்தார்கள். டி செல்லுக்குள் கால்சிநியூரின் என்ற நொதியை இது தடுக்கிறது. அது தடைபட்டால், பெருகிப் படையெடு என்று மற்ற செல்களுக்குச் சொல்லும் இன்டர்லூக்கின்-2 சுரப்பது குறைகிறது. சிறுநீரகம் பிழைத்திருக்கிறது.

இதில் ஒரு கொடுமை உண்டு. ரத்தத்தில் இந்த மருந்து கூடிவிட்டால் கை நடுக்கம், சர்க்கரை, கிருமித்தொற்று எல்லாம் வரும். காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்தையே அது கெடுக்கவும் செய்யும். குறைந்துவிட்டால் நிராகரிப்பு. நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகல். என் கட்சிக்காரருக்கு மருத்துவர்கள் வைத்திருந்த இலக்கு, மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 முதல் 8 நானோகிராம். அதற்காகத்தான் பரிசோதனை நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வரச் சொல்கிறார்கள். முந்தைய வேளை மருந்து எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்த பிறகே அடுத்ததை விழுங்க வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இந்த அளவைத் தரையில் இறக்கிவிடும். சில பூஞ்சைக் கொல்லி மருந்துகளும் கிளாரித்ரோமைசினும் ஏற்றிவிடும். பம்பளிமாஸ் பழம்கூட ஏற்றும். என் கட்சிக்காரர் வீட்டு முற்றத்தில் ஒரு பம்பளிமாஸ் மரம் இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்த வாரமே அதன் பழத்தை வீட்டுக்குள் கொண்டு வருவதை அம்மா நிறுத்திவிட்டார்.

இவ்வளவு கவனமாக இருந்த வீட்டுக்குள், ஊரிலிருந்த மெடிக்கல் கடை வழியாக மாற்றம் நுழைந்தது.

டாக்ரோலிமஸ் இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, விழுங்கியதும் சீக்கிரம் கரைந்து ரத்தத்தில் ஏறுவது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். மற்றொன்று, மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுக்க வருவது. காலையில் ஒருமுறை போதும். அவருக்கு எழுதப்பட்டிருந்தது இரண்டாவது வகை. 1 மில்லிகிராம் கேப்சூல் மூன்று, காலையில் ஒரே தடவை. கோவைக்குப் போய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், அலைச்சல் மிச்சம் என்று உள்ளூர்க் கடையில் சொல்லி வரவழைக்கத் தொடங்கியிருந்தார்கள். சில மாதம் சரியாகவே வந்தது. தீபாவளி நெருக்கத்தில் மொத்த விற்பனையாளரிடம் அந்தச் சரக்கு இல்லை. கடையில் இருந்த பையன் வேறு அட்டையை எடுத்துக் கொடுத்தான். பெட்டி மாறியிருக்கிறதே என்று அம்மா கேட்டிருக்கிறார். "கம்பெனிதானுங்க வேற, மருந்து ஒண்ணுதான்" என்பது பதில்.

டாக்ரோலிமஸ்தான், 1 மில்லிகிராம்தான், மூன்று கேப்சூல்தான். ஆனால் முதல் வகை. அதை வழக்கம்போல் காலையில் மட்டும் மூன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் ஏறி, இரவில் இறங்கி, மறுநாள் விடிகாலையில் ரத்தத்தில் காவல் இல்லை. மறுபரிசோதனையில் அளவு 2.3. அதற்கு முன்பு இருந்த அறிக்கைகள் எல்லாம் 6-ஐ ஒட்டியே இருந்தன.

யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்பதில் முதல் கருத்து வேறுபாடு வந்தது. மருத்துவமனையையும் சேர்க்க வேண்டும் என்றார் அவருடைய மாமா. அந்த வரியை எழுதியது அவர்கள்தானே என்று கோபம். நான் மறுத்தேன். ஒரு கேள்விக்குறியோடு சந்தேகத்தைப் பதிவு செய்வது மருத்துவ நடைமுறை. அது கவனக்குறைவு ஆகாது. சிகிச்சையில் குறை ஒன்றும் இல்லை. அந்த மருத்துவர்களின் சாட்சியம் நமக்கு வேண்டும். மருந்து தயாரித்த நிறுவனத்தையும் சேர்க்கவில்லை. கேப்சூலில் பழுது கிடையாது. அது சரியான ஆளுக்குப் போயிருந்தால் சரியாகவே வேலை செய்திருக்கும். தவறு நடந்த இடம் கடையின் மேசை. அந்த ஒரு மேசையின் மேல் மட்டும் வழக்கை நிறுத்தினேன்.

முதல் வேலையாக, அட்டைகளையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். பரிந்துரைத்த வகைக்குப் பதில் வேறு வகை வழங்கப்பட்டிருப்பதாகவும், ரத்த அளவு குறைந்ததற்கு அது போதுமான விளக்கம் என்றும் தனித்தாளில் எழுதி, கோப்பில் சேர்த்து, நகலும் கொடுத்தார். பையன் கேட்டது அவ்வளவுதான். அதோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தத் தாளைப் படித்த பிறகு, "இன்னும் எத்தனை பேருக்கு இப்படிக் குடுத்துட்டிருக்காங்களோ" என்று அவரே வழக்குக்குச் சம்மதித்தார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1986 நடப்பில் இருந்த காலம் அது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் அப்போது 20 லட்சம் வரைதான் கேட்க முடிந்தது. அதற்குள் நின்றுகொண்டோம்.

எதிர்தரப்பு வழக்கறிஞர் மூத்தவர், கெட்டிக்காரர். அவருடைய முதல் ஆட்சேபணையே கூர்மையானது. கடைக்காரர் விற்றது பொருள். பொருளில் குறை இருந்தால் அதைச் சொல்லுங்கள். கேப்சூலில் குறை இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பின் எங்கே வழக்கு? மருத்துவ சேவை இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது மருத்துவர்களைப் பற்றித்தானே தவிர மளிகைக் கடைபோல் மருந்து விற்பவரைப் பற்றி அல்லவே.

இதற்குப் பதில் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. பழைய சட்டத்தின் பிரிவு 2(1)(ஜி), சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று சொன்னது. எந்தச் சட்டத்தின்படியாவது ஒரு வேலையை இன்ன தரத்தில், இன்ன முறையில் செய்ய வேண்டும் என்று இருந்து, அதில் குறை வைத்தால் அது குறைபாடு. மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பது வெறும் விற்பனை அல்ல. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்கிறது. தேர்ச்சி பெற்ற ஒருவர்தான் செய்யலாம் என்று சட்டம் ஒதுக்கி வைத்த வேலை எப்படிச் சேவையாகாமல் போகும்?

அதற்கும் மேல், 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 65(11ஏ) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. அட்டவணை ஹெச்-இல் உள்ள மருந்து ஒன்று சீட்டில் எழுதப்பட்டிருந்தால், அதற்குப் பதிலாக வேறெந்தத் தயாரிப்பையும் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. அதே மூலப்பொருள் அதில் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே அல்ல. டாக்ரோலிமஸ் அந்த அட்டவணையில் உள்ள மருந்து. நாட்டில் தினமும் மீறப்படும் விதிகளைக் கணக்கெடுத்தால் இந்த ஒற்றை வரி முன்வரிசையில் நிற்கும் என்று நான் நினைக்கிறேன். ஒரு காய்ச்சல் மாத்திரைக்கு இன்னொன்று கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாத பழக்கத்தில் கை மரத்துப்போய், ஆகக்கூடிய மருந்திலும் அதே கை நீள்கிறது.

விதி 65(3)-ஐக் காட்டி, கடையின் ரசீதுப் புத்தகத்தைத் தாக்கல் செய்ய உத்தரவு கேட்டேன். சீட்டின் பேரில் மருந்து கொடுத்தால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதி நாள் எல்லாம் எழுதி மருந்தாளுநர் கையெழுத்திட வேண்டும். வந்த புத்தகத்தில் தொகுதி எண்கள் இருந்தன. நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரொக்கம் என்று இருந்தது. கையெழுத்துக் கட்டம் காலி. சுவரில் சான்றிதழ் தொங்கிய மருந்தாளுநர் வேறு ஊரில் வேறு வேலையில் இருந்தார் என்பது விசாரணையில் தெரியவந்தது.

தொகுதி எண்கள் இருந்ததே எங்களுக்குப் போதுமானது. அம்மா காலி அட்டைகளைத் தூக்கிப் போடுவதில்லை. மறுபரிசோதனைக்கு வரும்போது அட்டைகளோடு வாருங்கள் என்று தொடக்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கப்பட்டிருந்தன. அட்டையில் இருந்த எண்ணும் ரசீதில் இருந்த எண்ணும் பொருந்தின. இந்தக் கடையில்தான் வாங்கினார்களா என்ற கேள்வி அங்கேயே முடிந்தது.

அடுத்து அவர்கள் எடுத்தது அந்தக் கேள்விக்குறி இல்லாத இரண்டு சொற்கள். மாற்றுச் சிறுநீரகம் நிராகரிக்கப்படுவதற்கு நோயாளி மருந்தை விடுவதே பெரிய காரணம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன, இளம் வயதினர் அதிகம் விடுகிறார்கள், இவரும் இளைஞர், மருத்துவமனையே சந்தேகித்திருக்கிறது. மாத்திரையை விட்டுவிட்டுக் கடைக்காரர் மேல் பழி போடுகிறார்.

பொதுவாகச் சொல்லப்படுவதில் உண்மை இருக்கிறது. மருந்து வாங்கப் பணமில்லாமல் விடுகிறவர்கள் உண்டு. முகம் வீங்குகிறது, முடி வளர்கிறது என்று வெட்கப்பட்டு விடுகிற பிள்ளைகள் உண்டு. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று விடுகிறவர்களும் உண்டு. ஆனால் பலர் செய்வதால் இவரும் செய்திருப்பார் என்பது சாட்சியம் ஆகாது. நீண்டகால நோயாளிகளின் வழக்குகளில் இந்தப் பழி எப்போதும் தயாராக இருக்கிறது. சர்க்கரை நோயாளியா, கட்டுப்பாடு இல்லை. காசநோயாளியா, மாத்திரையை விட்டிருப்பார். ஏழையாகவும் அதிகம் படிக்காதவராகவும் இருந்துவிட்டால் யாரும் அதற்கு ஆதாரம்கூடக் கேட்பதில்லை. இந்த வழக்கில் நான் உண்மையில் எதிர்த்து நின்றது அந்த எண்ணத்தைத்தான்.

எங்கள் முதல் பதில் அவர்களுடைய ரசீதுப் புத்தகமே. முப்பது நாளுக்கு ஒருமுறை, தவறாமல், தொண்ணூறு கேப்சூல் வாங்கப்பட்டிருந்தது. மருந்தை விடுகிறவர் மாதம் தவறாமல் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிக் குவிக்க மாட்டார்.

இரண்டாவது பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் மருந்து கொடுத்ததற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். இல்லை என்றார்கள். பின்னொரு நாள் வேறு பேச்சுக்கிடையே, பால் கணக்கைக் குறிக்கும்போதே அதையும் குறித்துவிடுவதாக அம்மா சொன்னார். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பால் எவ்வளவு என்பது ஒரு மூலையில். கேஸ் சிலிண்டர் வந்த நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாம் அங்கங்கே. இன்னொரு மூலையில், மகன் மாத்திரையை விழுங்கிய பிறகு அவர் போட்ட சிறு சுழி. எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவர் போட்ட சுழி, இரண்டு ஆண்டுக்கும் விடாமல். பரிசோதனை நாட்களில் மட்டும் சுழி கட்டத்தின் அடியில் இருந்தது. ரத்தம் எடுத்த பிறகே மாத்திரை, ஊர் திரும்பியதும் போட்ட குறி. அந்தத் தேதிகளை ரத்தப் பரிசோதனை அறிக்கைகளோடு ஒப்பிட்டேன். அத்தனையும் பொருந்தின.

காலண்டர்களைச் சான்றாவணமாகத் தாக்கல் செய்தபோது ஆட்சேபணை எழுந்தது. வழக்குக்காக உட்கார்ந்து போட்ட குறிகள் என்றார் மூத்தவர். பால் கணக்கும் சிலிண்டர் தேதியும் சீட்டுப் பணமும் சேர்த்தே தயாரிக்கப்பட்டனவா என்று நான் கேட்டேன். மன்றத்தில் இருந்த பெண் உறுப்பினர் காலண்டரை வாங்கி மாதம் மாதமாகப் புரட்டினார். ஆட்சேபணை பதிவானது; ஆவணமும் ஏற்கப்பட்டது.

மிச்சம் இருந்தது, மாற்றிக் கொடுத்ததால்தான் நிராகரிப்பு வந்தது என்பதை நிறுவுவது. அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வாக்குமூலம் கொடுத்தார். அதே மருந்து, அதே மில்லிகிராம், அதெப்படி வித்தியாசம் வரும் என்று தலைவர் கேட்டார். பேராசிரியர் விவசாயக் குடும்பத்துக்காரர். பத்துக் குடம் தண்ணீரைச் சொட்டுநீராக நாள் முழுக்க விடுவதும், காலையில் ஒரே மூச்சில் மடை திறந்துவிட்டு அதோடு மறந்துவிடுவதும் கன்றுக்கு ஒன்றாகுமா என்று திருப்பிக் கேட்டார். தலைவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டாக்ரோலிமஸை வணிகப் பெயரைக் குறிப்பிட்டே எழுத வேண்டும், அதையே வழங்க வேண்டும் என்று 2012-ல் அறிவுறுத்தியிருந்தது. இரண்டு வகைகளும் மாறிப்போய் நோயாளிகள் பாதிக்கப்பட்டதே அதற்குக் காரணம். வெளிநாட்டு அறிவுரை இங்கே கட்டுப்படுத்தாது என்று மூத்தவர் சொன்னார், சரிதான். ஆபத்து உலகறிந்தது என்பதைக் காட்டவே அதைத் தாக்கல் செய்தேன். அதைவிட வலுவானது, மெல்லக் கரையும் வகையின் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருக்கும் தாள். மருத்துவர் கண்காணிப்பின்றி மற்ற வகைக்கு மாற்றக் கூடாது என்று அதில் இருந்தது. அந்தத் தாள் சில மாதங்களாக அதே கடை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நிராகரிப்பு எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணமும் இல்லாமலும் வரலாமே என்பது அவர்களின் கடைசி வாதம். வரலாம். ஆனால் இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க இது குற்ற வழக்கு அல்ல. எது அதிகம் நிகழ்ந்திருக்கக்கூடியது என்பதுதான் அளவுகோல். இரண்டு ஆண்டு 6-ல் நின்ற அளவு, மருந்து மாறிய பின் 2.3-க்கு இறங்கி, அதே காலத்தில் திசு தாக்கப்பட்டு, பழைய மருந்துக்குத் திரும்பியதும் அளவு 6-க்கு ஏறியது. இந்த வரிசைக்கு வேறு விளக்கம் அவர்களிடம் இல்லை.

வாதங்களுக்கிடையே மூத்தவர் ஒன்று சொன்னார். ஏழைகளுக்கு விலை குறைந்த மருந்தைக் கொடுப்பதைக் குற்றமாக்கினால் நஷ்டம் ஏழைகளுக்குத்தான். மருத்துவர்கள் மூலப்பெயரில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலே 2016-ல் சொல்லவில்லையா? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்திய நிறுவனங்கள் இந்த மருந்துகளைக் குறைந்த விலையில் செய்யாமல் இருந்திருந்தால், என் கட்சிக்காரரைப் போன்றவர்கள் முதல் ஆண்டிலேயே மருந்தை நிறுத்தியிருப்பார்கள். விலை குறைந்த வகைக்கு மாறலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, எத்தனை வேளை என்று கேட்டு, சில நாள் கழித்து ரத்த அளவு பார்த்து மாறலாம். மருத்துவமனைகளில் தினமும் அது நடக்கிறது. இங்கே ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லை. பெட்டி மாறியிருக்கிறதே என்று கேட்ட தாய்க்கு, ஒன்றுமில்லை என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். மன்றத்திலும் இதையே சொன்னேன்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. விதி 65(11ஏ)-ஐ மீறியது சேவைக் குறைபாடு என்றும், நோயாளி மருந்தை விட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் மன்றம் தனித்தனியாகப் பதிவு செய்தது. சிகிச்சைச் செலவோடு இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. கடைக்காரர் மேல்முறையீடு போனார். சென்னையில் மாநில ஆணையம் தொகையைக் குறைத்தது. ஆனால் இரண்டு முடிவுகளையும் அப்படியே நிலைநிறுத்தியது. தொகை குறைந்ததில் எனக்கு வருத்தம்தான். 26 வயதுக்காரரின் சிறுநீரகத்திலிருந்து போன வருடங்களுக்கு அது ஈடாகாது. அவர் மேற்கொண்டு போக விரும்பவில்லை. மருந்து ஆய்வாளரிடம் தனியாகக் கொடுத்த புகாரில் கடையின் உரிமம் சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. தீர்ப்பின் நகலை அவர் மருத்துவமனைக் கோப்பில் சேர்த்துவிட்டார்.

இப்போது அவர் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிறார். அங்கே அது இலவசம். காலையும் இரவும் எடுக்கும் வகைக்கு மருத்துவரே மாற்றி, அளவு பார்த்து நிலைப்படுத்தியிருக்கிறார். கிரியாட்டினின் 1.9-ஐ ஒட்டி நிற்கிறது. கல்யாணம் ஆகிவிட்டது.

அந்தத் தீர்ப்பைக் கேட்டு இளம் வழக்கறிஞர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். ஒருவருடைய வழக்கு வலிப்பு மாத்திரை மாறிப்போனது. இன்னொருவருடையது இதய வால்வு வைத்தவருக்கான ரத்தம் உறையாமைக்கான மருந்து. இரண்டும் இதேபோல் அளவு தப்பினால் ஆளைக் கவிழ்க்கும் மருந்துகள். தீர்ப்பைக் கொடுத்ததோடு, விதி 65(3)-இன்படி கடையின் ரசீதுப் புத்தகத்தை முதல் வாய்தாவிலேயே கேட்டு மனு போடும்படியும், காலி அட்டைகளை வீட்டார் எறிந்துவிடுவதற்கு முன் கைப்பற்றி வைக்கும்படியும் சொல்லி அனுப்பினேன்.